நான்கு விரல் உயரம்

நான் மாட்டிய டயர் இதுவரை ஒன்றுகூடக் கழன்றதில்லை, சார். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் டயர் கழன்று வண்டி சாய்ந்ததால்தான் வெடித்தது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். டீக்கடையில் அதை உரக்க வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். என் பெயர் தனுஷ்கோடி. தாயில்பட்டியில் வீட்டோடு சேர்ந்த டயர் கடை. வேலை சுத்தம் என்றால் இந்த வட்டாரத்தில் என் பேரைத்தான் சொல்வார்கள்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பைக் மாதிரி ஹேண்டில், தடித்த நான்கு சக்கரம். ஏ.டி.வி. என்பார்கள். மலைப்பக்கம் சுற்றுலாக்காரர்கள் ஓட்டி விளையாடுவது. ஆலைக்குள் பெட்ரோல் வண்டி ஆகாது என்று, முதலாளி மகன் ராம்குமார் பேட்டரியில் ஓடுகிற ஒன்றை வாங்கி, பின்னால் ஒரு ட்ராலியைக் கோத்துவிட்டார். வெடிமருந்து உலர்த்தும் களத்திலிருந்து தட்டுகளை ஏற்றிப் போவதற்கு. கோடை மழை பெய்ததும் கரிசல் மண் வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டது.

“அண்ணாச்சி, அன்னாடம் நாலு பேரு சேந்து தூக்க வேண்டியிருக்கு. பெரிய டயரா போட்டுக் குடுங்க” என்றார் ராம்குமார்.

பெரிய டயரை அப்படியே மாட்டிவிட முடியாது, சார். ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் மட்கார்டில் உரசும். அதற்கு ஏற்ற ரிம் வேண்டும், சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த ஸ்பேசர் வைக்க வேண்டும், வண்டியின் உடம்பைக் கொஞ்சம் தூக்க வேண்டும். அவசரக்காரர்கள் மட்கார்டை அறுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் அறுக்கவில்லை. நட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன், ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி முறுக்கினேன். வண்டி நான்கு விரல் உயரம் ஏறி நின்றது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படியொரு வேலை.

உயரம் ஏறினால் என்னென்ன மாறும் என்று ராம்குமாரிடம் சொல்லவும் செய்தேன். வளைவில் சாயப் பார்க்கும், பிரேக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும், மீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும். எல்லாம் சொன்னேன். சங்கிலியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அந்த வண்டிக்கு அடியில் ஒரு பித்தளைச் சங்கிலி தொங்கும். ஓடும்போது வண்டியில் சேருகிற மின்சாரத்தை அது மண்ணில் இறக்கிவிடும். இறங்காவிட்டால், காற்றடிக்கிற காய்ந்த நாளில் யாராவது தொடும்போது சுளீரென்று ஒரு பொறி வரும். நைலான் சேலையை உருவும்போது வருமே, அவ்வளவுதான். வெடிமருந்துக்கு அது போதும். பழைய டயரில் சங்கிலி நுனி தரையில் இழுபட்டுக்கொண்டே போகும். இப்போது மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் ஆடியது. நாலு வளையம் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. கடையில் டப்பா நிறைய வளையம் இருந்தது.

மறந்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் மறக்கிற ஆள் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வண்டியை எடுக்கப் புகழேந்தி வந்தான், அவன்தான் ஆலையில் அதை ஓட்டுகிறவன். ஏறி உட்கார்ந்து, “மாமா, ஆனை மேல உக்காந்த கணக்கா இருக்கு” என்று சிரித்தான். நல்ல பையன். “பாத்துப் போலே” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

காரணம் கேட்கிறீர்கள். என் மனைவி மாரிசெல்விக்கு அந்த ஆலையில்தான் வேலை. கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன், பட்டாசு வேலை ஆபத்து, என் வருமானம் போதும், வீட்டில் இரு என்று. “நீங்க டயரப் பாத்துக்கிட்டு இருப்பீக. நான் நாலு செவத்தையும் பாத்துக்கிட்டு இருக்கவா?” என்பாள். ஒற்றைக்காலில் நின்றாள். காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தால் பாதித் தோசையைப் போட்டுவிட்டு ஓடுவாள். சாயங்காலம் வேன் தெருமுனையில் திரும்பும்போதே அவள் சிரிப்புக் கேட்கும். கூட வேலை பார்க்கிற வள்ளித்தாய் ஏதாவது சொல்லியிருப்பாள். வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்வதற்கென்ன. ஆனால் காரணம் அது இல்லை. காரணம் அவளுடைய பாதுகாப்பு.

ஆபத்து என்று வாயால் சொன்னால் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு தடவை கண்ணால் பார்த்தால் புரியும். களத்தில் ஒரே ஒரு தட்டு தீப்பிடித்தால் போதும், ஆபீசர்கள் வந்து ஆலைக்குச் சீல் வைப்பார்கள், அவள் வீட்டோடு இருப்பாள். களம் வேலை நடக்கிற ரூம்களுக்குத் தள்ளி, மண்மேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே வண்டியோடு நிற்பது புகழேந்தி மட்டும்தான். அவன் கல்யாணம் ஆகாதவன். அதையும் யோசித்தேன்.

சங்கிலியைக் கவனித்தது மாரிசெல்விதான். சோறு போடும்போதே கேட்டுவிட்டாள்.

“ஏங்க, வண்டிச் சங்கிலி தரையில படலியே, பாத்தீகளா?”

“பாத்தேன். வளையம் வரணும். வந்ததும் மாட்டிருதேன்.”

“அதுவரைக்கும் வண்டிய நிறுத்தச் சொல்லி போர்மேன்ட்ட சொல்லவா?”

“நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதேன்ல.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. வள்ளித்தாய் என்னைத் தெருவில் பார்த்தபோது சொன்னாள்: “போர்மேன்ட்ட சொல்லுவோம்னு நான் சொன்னதுக்கு, ஒங்க வீட்டுக்காரி விடலண்ணே. ‘எங்க வீட்டுக்காரரு ஒரு நட்ட நாலு தடவ தட்டிப் பாக்குற ஆளு, சங்கிலிய விட்டுருவாரா’ன்னு எனக்கே புத்தி சொல்லுதா.”

எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே என்னைப் பற்றி அப்படிப் பேசுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று சாயங்காலம் டப்பாவிலிருந்து நாலு வளையத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அந்த நேரம் பார்த்து வேன் தெருமுனையில் திரும்பியது. அவள் சிரிப்புக் கேட்டது. வளையங்களைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

ஆடிக் காற்று ஆரம்பித்தது. மண் பொரிந்து காய்ந்துவிட்டது. நடந்தது மத்தியானச் சாப்பாட்டு வேளையில். எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மாரிசெல்வி உட்காரவில்லை. சீசன் நேரம், பீஸ் ரேட், எண்ணிக்கைக்குத்தான் கூலி. காய்ந்த தட்டுகளை ஏற்றிவிட்டால் அடுத்ததைப் பரப்பலாம் என்று வள்ளித்தாயையும் இழுத்துக்கொண்டு களத்துக்குப் போயிருக்கிறாள். தூக்குச்சட்டியைத் திறக்கக்கூட இல்லை. வண்டி வந்து நின்றதும் ட்ராலியில் முதல் தட்டை வைக்கப் போனது அவள்தான் என்கிறார்கள்.

புகழேந்தி அங்கேயே போய்விட்டான். வள்ளித்தாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில். நான் போய் வண்டியைப் பார்த்தேன். டயர் எரிந்துவிட்டது, ஆனால் ரிம் நான்கும் நட்டோடு அப்படியே நிற்கின்றன. நீங்களும் ஆளனுப்பிப் பாருங்கள். ஒரு நட்டுத் தளர்ந்திருந்தால் என்னைக் கேளுங்கள். குற்றம் சங்கிலியில்தான், அதை நான்தான் விட்டேன். பேப்பர்காரர்களிடம் அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு என்று அவளிடம் எத்தனையோ தடவை தலையால் அடித்துக்கொண்டிருக்கிறேன். அன்று மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆலைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். மாரிசெல்வி மதுரையில் தீக்காய வார்டில் இருக்கிறாள். முகமெல்லாம் கட்டு, பேச முடியாது. வலது கை இனி மடங்காதாம், வேலைக்குப் போகிற பேச்சே இல்லை. நான் தினமும் கஞ்சி கொண்டுபோகிறேன். தூக்குச்சட்டி திறக்காமலே திரும்பி வருகிறது, போகப் போகச் சரியாகிவிடும். நேற்றுக் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி ஆட்டினாள், கை வலித்தும் நிறுத்தாமல் ஆட்டினாள். “அவங்க உங்கள உள்ள விட வேண்டாம்னு சொல்றாங்க” என்கிறாள் நர்ஸ். புதுப் பெண், நேற்று வந்தவள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், எனக்குத் தெரியாதா?

எழுதி முடித்துவிட்டால் கொடுங்கள் சார், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். சாப்பாட்டு வேளைக்குள் நான் மதுரைக்குப் போக வேண்டும். அவள் என்னைக் கூப்பிடுகிறாள்.