ரெண்டாவது வரிசைப் படம்

அது கொளம் இல்லீங்க முசே. களம். நெல்லடிக்கிற களம். ஏரோப்ளேன்லேருந்து எடுத்த படத்துல வட்டமா வெளுப்பா இருக்கறதால கொளம்னு நெனச்சிட்டீங்க. அப்பிடி எழுதி வச்சிப்புடாதீங்க, நாளைக்கி எவனாவது ஆபீசரு வந்து, எங்கடா தண்ணி, யாருடா தூத்தினதுன்னு எங்கள புடிச்சிக்குவான். அத அடிச்சிட்டு களம்னு போடுங்க. ஆங், இப்ப சரி.

அந்த பூதக்கண்ணாடிய இப்பிடி குடுங்க. இன்னா அதிசயம் பாருங்க, நாப்பது வருசமா இந்த மண்ணுலயே பொரண்டவன், என் கயினிய நானே தேட வேண்டியிருக்குது. இதான் ஏரி மதகு. அதுலேருந்து கறுப்பா நெளிஞ்சிக்கினு போவுதே, அது மேலண்ட வாய்க்கா. ஆமா, அப்பிடியே எழுதுங்க, வேற பேரு கெடையாது. இதுங்க பனமரம். மரம் தெரியல, நெழலுதான் வரிசையா படுத்திருக்குது. காலம்பற எடுத்த படமாச்சே, அதான் எல்லாத்துக்கும் நெழலு நீட்டு.

மேப்புல எழுத பேரு சொல்ல எங்க ஊருலேருந்து சாமிநாதனத்தான் வர சொல்லியிருந்தீங்களாம். நீ இருடா, நான் போறேன்னு அவன நிறுத்திட்டு நான் வந்தேன். ஒங்ககிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்குது. எம் பொண்ணு இந்தப் படத்துல இருக்கறா முசே. அமுதம்னு பேரு, ஒம்போது வயசு. அவ எப்பிடி நின்னுக்கினு இருந்தான்னு ஒரு தரம் பாக்கணும். பாத்துட்டா, வாய்க்கா, குட்ட, மேடு, எல்லாத்துக்கும் ஒழுங்கா பேரு சொல்லிட்டு போயிடறேன்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. எங்க கூத்து சிரிக்கிற மாரிதான் இருந்திச்சி. போன மாசி மாசம் இதே சர்க்காரு ஆபீசுலேருந்துதான் தமுக்கு அடிச்சிக்கினு ஒரு ஆளு வந்தான். மழையில ஏரி ஒடஞ்சி வெள்ளம் பூந்திச்சி இல்ல, அதுக்காக ஏரோப்ளேன் வந்து ஆகாசத்துலேருந்து பாகூரு பக்கத்த படம் புடிக்கப்போவுது, யாரும் பயந்துக்காதீங்கன்னான். அவன் சொன்னது ஏரிய. எங்க காதுல வுழுந்தது எங்கள. நம்மள படம் புடிக்க வராங்கடான்னு ஊரே கெளம்பிடுச்சி. வேலம்மா கல்யாணப் பொடவைய எடுத்து கட்டிக்கினா. உலகநாதன் மாட்டுக்கு கொம்பு சீவி வர்ணம் அடிச்சி ஓட்டியாந்தான். கண்ணையன் ஒருத்தன்தான், மேலேருந்து எடுத்தா உச்சி மண்டதான்டா தெரியும்னான். அவன் பேச்ச யாரு கேட்டா? அண்ணாந்து நின்னா மூஞ்சி வுழுவும்னு முடிவு பண்ணிட்டோம்.

அதுக்கெல்லாம் பெரிய மனுசன் நான். ஏன்னா எங்க ஊருலயே படம் புடிச்சிக்கினவன் நான் ஒருத்தன்தான். தணிகைவேலு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பேரு. கல்யாணம் ஆன புதுசுல எம் பொண்டாட்டி தனக்கொடிய புதுச்சேரிக்கி வண்டி கட்டி இட்டுக்கினு போனேன். ஸ்டுடியோக்காரன் கறுப்புத் துணிக்குள்ள தலைய வுட்டுக்கினு, ஆடாத, அசையாத, மூச்சு வுடாதன்னான். இவளுக்கு சிரிப்பு தாங்கல, தலைய ஆட்டிட்டா. படத்துல நான் கல்லு மாரி ஒக்காந்துக்கினு இருக்கறேன், பக்கத்துல அவளுக்கு கழுத்துக்கு மேல பொகையாட்டம் என்னமோ இருக்குது. அமுதம் பொறந்த எட்டாம் நாளு அவ பூட்டா முசே. அந்தப் பொண்ணு அம்மா மூஞ்சிய பாத்ததே இல்ல. அந்தப் படத்த மடியில வச்சிக்கினு, அம்மா மூஞ்சி எங்கப்பான்னு கேக்கும். ஆடிட்டா கண்ணு, அதான் அழிஞ்சிபோச்சின்னு சொல்லுவேன். எத்தினி தரம் சொல்லியிருப்பேனோ. கொழந்தைக்கி வேற இன்னாத்த சொல்றது.

அன்னிக்கி அறுத்த கயினியில ஊர கூட்டி, வரப்பு மேல வரிசையா நிறுத்தினேன். ஏரோப்ளேன் கண்ண வுட்டு மறையிற வரைக்கும் எவனும் ஆடக்கூடாது, ஆடினா மூஞ்சி அழிஞ்சிடும்னு எல்லாருக்கும் சொன்னேன். அமுதத்துக்கு எண்ண தடவி தலைய வாரி, பச்சப் பாவாட கட்டி, எனக்கு நாலு மொழத்துல நிறுத்தினேன். வந்திச்சி. அம்மாடி, இன்னா சத்தம்! போச்சி. சரி, முடிஞ்சிதுன்னு பாத்தா திரும்பி வருது. போவும், கொஞ்சம் தள்ளி மறுபடி வரும். ஏரு ஓட்டற மாரி சால் சாலா. அப்பிடி வரிசை வரிசையாத்தான் எடுப்பாங்கன்னு இன்னிக்கி நீங்க சொல்லித்தான தெரியிது. அன்னிக்கி எங்களுக்கு இன்னா தெரியும்? மொத தரம் சரியா வுழல போலருக்குது, மறுபடி எடுக்கறான், அப்பிடியே நில்லுங்கடான்னு நாந்தான் கத்தினேன். முக்கா மணி நேரம் முசே. வெளிச்சத்த பாத்து பாத்து கண்ணுல தண்ணி கொட்டுது. ஒருத்தன் தலைய எறக்கலியே.

கடசியா சத்தம் அடங்கினப்பறம் திரும்பி பாத்தா, எம் பொண்ணு கால ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு வரப்புல ஒக்காந்திருக்கறா. இன்னா கண்ணுன்னு கேட்டேன். பாம்புப்பான்னா. எப்ப கடிச்சிதுன்னு கேட்டேன். இப்பதாம்பான்னா. அவ்ளோதான் பேசினா. வரப்பு பொந்துல நல்ல பாம்பு இருந்திருக்குது. தோள்ல போட்டுக்கினு ஓடினேன். வெசக்கடி பாக்கற செல்லப்பன் வைத்தியரு கால பாத்துட்டு, கடிச்சி அர மணிக்கு மேல ஆயிருக்குதே, அப்பவே தூக்கியாந்திருந்தா...ன்னு இழுத்தாரு. இல்ல, இப்பதான்னு கொழந்த சொன்னா, ஒமக்கு இன்னா தெரியும்னு அவருகிட்ட சண்டைக்கி போனேன். உச்சி வெயிலுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி.

அஞ்சு மாசமா எனக்கு சோறு எறங்கல முசே. யாரு சொன்னது நெசம்? வைத்தியரு சொன்னதா, எம் பொண்ணு சொன்னதா? இப்பதான் கடிச்சிதுன்னா அது அவ தலையெழுத்து, நான் அழுதுட்டு போயிடுவேன். அப்பவே கடிச்சி, படம் அழிஞ்சிடப்போவுதுன்னு வாயத் தொறக்காம இருந்திருந்தா? அப்பா மனசு கஷ்டப்படும்னு இப்பதான்னு சொல்லியிருந்தா? அது அப்பிடித்தான், அதுக்கு அந்த புத்தி உண்டு. அதான் எனக்கு பயமா இருக்குது.

இதோ, இதோ எங்க வரப்பு. இது மொத வரிசையில எடுத்ததுன்னுதான சொன்னீங்க? இந்த அகலமா இருக்கறது உலகநாதன் மாடு. இது வேலம்மாவா இருக்கும். இது நான். இந்த சின்னது எம் பொண்ணு. நிக்கறா பாருங்க. கண்ணு மூக்கு ஒண்ணும் தெரியல, நெழலுதான் நீட்டா இருக்குது, ஆனா அவதான். நேரா நிக்கறா என் தங்கம்.

இருங்க, மூடிடாதீங்க. அடுத்த வரிசைப் படத்துலயும் இந்த எடம் ஓரமா வரும்னு சொன்னீங்க இல்ல, அதயும் எடுங்க. அது கால் மணி கழிச்சி எடுத்தது. அதுக்கப்பறமும் ரெண்டு தரம் வந்துட்டுதான் போச்சி. இதுல அவ நின்னுக்கினு இருந்தா அப்ப இன்னும் கடிக்கலன்னு ஆவும், எனக்கு அது போதும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.

ஏன் முசே கைய வச்சி மறைக்கறீங்க? எடுங்க. பரவால்ல, எடுங்க.

மாடு இருக்குது. வேலம்மா இருக்கறா. எல்லா நெழலும் அப்பிடியே நீட்டா இருக்குது. இது மட்டும் உருண்டையா கெடக்குது.

ஒக்காந்துட்டா.

வேணாம், தண்ணியெல்லாம் வேணாம். நீங்க எழுதுங்க, அதுக்குத்தான வந்தேன். இந்த வரப்புக்கு பேரு ஒண்ணும் கெடையாது. அந்த உருண்டைக்கு பக்கத்துல, நாலு மொழம் தள்ளி, நேரா நீட்டா ஒண்ணு வுழுந்திருக்குது பாருங்க, அது நாந்தான் முசே. கொஞ்சங்கூட ஆடாம நிக்கறேன்.