ஐந்து மணிக் கணக்கு வகுப்பு

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, என்னோடு பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, எதிரே கண்கலங்கி அமர்ந்திருக்கும் பெற்றோரே, மாணவச் செல்வங்களே! கணக்கு வாத்தியாரான எனக்கு மேடைப்பேச்சு வராது. இன்று நம் தலைமை ஆசிரியையின் நினைவுக் கூட்டத்தில் பேச நிற்கிறேன். துக்கம் மட்டும் அல்ல. எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் தலைமை ஆசிரியை இந்தக் கூடத்தில் ஒருநாளாவது மைக் பிடித்ததுண்டா? அவர் வாய் திறந்தால் மூன்றாம் மாடியில் தூங்குகிறவன் எழுந்துகொள்வான். 'மைக் சிஸ்டர்' என்று பிள்ளைகள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும். போன வியாழக்கிழமை காலை வழிபாட்டுக்கு முன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் என்னைப் பொறுப்புத் தலைமை ஆசிரியராக்கி, அவருடைய சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார்கள். அன்று தொடங்கியது பயம்.

ஏன் இந்தப் பயம்? ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு பட்டியலோடு அவர் அறைக்குப் போனேன். ஒன்பது பெயர்கள். பொதுத்தேர்வில் தேறமாட்டார்கள் என்று நான் கணித்த பிள்ளைகள். முன்கூட்டியே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி. எதிர்ப் பள்ளி அப்படித்தான் பேனர் கட்டுகிறது. நாம் கட்டாவிட்டால் யார் வந்து சேருவார்கள்?

அவர் கோபப்படவில்லை. "மொதப் பேரு யாரு வீட்டுப் பொண்ணு? அம்மா என்ன வேலை பாக்குறாங்க?"

"தெரியாது சிஸ்டர்."

"போய்த் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. சொல்ல வேண்டியதையும் நீங்களே அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க. அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

போனேன். துணி தேய்த்துக் கொடுப்பவர் அந்த அம்மா. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியிலிருந்து தேய்த்த விரிப்புகளை இறக்கிவைத்து, துடைத்து, என்னை உட்காரவைத்தார். "என்ன சார், எம்பொண்ணு ஏதாச்சும் பரிசு வாங்கியிருக்காளா?" என்றார். ஐயோ! "இல்லம்மா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன்.

"சொன்னீங்களா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"முடியல சிஸ்டர்."

"அப்ப நாளையிலேர்ந்து அஞ்சு மணிக்குக் கணக்கு வகுப்பு வைங்க."

"நூறு சதவீதம் வராதே!"

அவர் சிரித்தது அடுத்த வகுப்புக்குக் கேட்டது. "பன்னெண்டு சீடரைச் சேர்த்த நம்ம ஆண்டவருக்கே வரல, ஒருத்தன் காட்டிக்கொடுத்தான், நமக்கு வருமா? தேறுறவங்களை மட்டும் வச்சுக்கிறதுன்னா சுவத்துல சிலுவை எதுக்கு சார்? ஆணியாவது மிச்சமாகும்!"

கத்தோலிக்கக் கல்வியின் நோக்கம் என்ன என்று எத்தனையோ கருத்தரங்குகளில் குறிப்பெடுத்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. அந்த வருடம் ஏழு பேர் தேறினார்கள், இருவர் தோற்றார்கள். தோற்றவர்களுக்கு அடுத்த வருடமும் அதே பெஞ்சில் இடம் இருந்தது. அந்த அம்மா இதோ இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார். அம்மா, அன்று நான் சும்மா வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

இன்று என் சட்டைப்பையில் நிர்வாகம் கொடுத்த இன்னொரு பட்டியல் இருக்கிறது. பதினொரு பெயர்கள். நாளை காலை பத்து மணிக்குள் நான் கையெழுத்திட வேண்டும். சேர்க்கை குறைந்துவிட்டது, தேர்ச்சியும் குறைந்தால் இரண்டு வகுப்புகளை மூட நேரிடும் என்கிறார்கள். அது பொய்யல்ல. வேலை போகக்கூடிய ஆசிரியர்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் செய்வது தப்பாகிவிட்டால்? சிஸ்டர் இருந்தவரை பயப்படும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். இனி யாரிடம் விடுவேன்?

தாளாளர் தந்தை அவர்களே, பொறுத்தருள வேண்டும். என்னால் கையெழுத்திட முடியாது. இதைச் சொல்லும்போதும் பயம் போகவில்லை. இதைத் தவிர அவருக்கு நான் செலுத்தும் அஞ்சலி வேறொன்றும் இல்லை.

அந்தப் பதினொரு பிள்ளைகளின் தாய்மாரே, நீங்களும் இங்கேதான் இருக்கிறீர்கள். யார் யார் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியவும் வேண்டாம். உங்கள் வீட்டுக் கதவை நான் தட்ட மாட்டேன். நாளை மாலை ஐந்து மணிக்குக் கணக்கு வகுப்பு உண்டு. எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.