அவளுக்கு மட்டும் ஒரு பலகை

பழைய கணினியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது. புதியது வந்துவிட்டது என்பதற்காகப் பழையது கெட்டுப்போய்விடுவதில்லை.

வீட்டின் முன்னறைக் கணினியில் ஒரு செய்திப் பலகை நடத்தினேன். அவரவர் கணினியிலிருந்து தொலைபேசி வழியாக அறுபது பேர் அதில் இணைந்து, படித்து, பதில் எழுதுவார்கள். என் தங்கைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அம்மா போனபின் அவளைக் குளிப்பாட்டியதும் தூக்கி உட்காரவைத்ததும் நான்தான். அவள் கட்டிலருகே ஒரு விசைப்பலகையும் திரையும் வைத்து, முன்னறைக் கணினியிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்தேன். அவள் போடும் விடுகதைகளுக்கு விடை சொல்ல அறுபது பேரும் அடித்துக்கொள்வார்கள்.

அதிகம் தோற்றவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர்.

"அண்ணா, அவர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேக்கறாரு. அவங்க வீட்டு வாசல்ல ஒரே ஒரு படிதானாம், அதையும் இடிச்சுட்டா சக்கர நாற்காலி நேரா உள்ள போயிடுமாம்" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றேன்.

அந்த வாரம்தான் புதுக் கணினி வந்தது. அதன் புது இயங்குதளத்தில் பழைய பலகை மென்பொருள் முரண்டு பிடித்தது. மூன்று வாரம் இரண்டு கணினிகளையும் அருகருகே ஓடவிட்டேன். புதியது சரியானதும் தொலைபேசி இணைப்பை அதற்கு மாற்றினேன். எல்லாருடைய கணக்கையும் மாற்றினேன், அவளுடையதைத் தவிர. அவள் கம்பியைப் பழையதிலேயே விட்டுவைத்தேன்.

புதுப் பலகையில் நான் போட்ட முதல் அறிவிப்பு, என் தங்கை காலமானாள், காரியங்கள் முடிந்துவிட்டன, யாரும் வர வேண்டாம் என்பது. கடிகாரக்காரர் ஒரே வரி எழுதினார்: "வாசல்ல இருந்த ஒரு படியையும் நேத்துதான் இடிச்சேன்."

பத்து நாள் கழித்துத் தங்கை கேட்டாள்: "லைன்ல ஏதாவது கோளாறா அண்ணா? யாருமே எழுதலையே."

"லைன் நல்லாத்தான் இருக்கு. ஆளுங்கதான் எழுதல."

"அவருமா?"

"அவரும்தான்."

அதற்குப் பிறகு அவள் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் விடுகதைகள். பிறகு அவற்றின் விடைகளையும் அவளே போட்டாள். கடைசி மாதங்களில், "யாராவது இருக்கீங்களா" என்று மட்டும். சாப்பாடு குறைந்தது. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள். பதினோராம் மாதம் போய்ச் சேர்ந்தாள். இதயம் பலவீனம் என்று மருத்துவர் எழுதினார்.

ஐயா, கடிகாரக்காரர் புகாரோடு உங்களிடம் கொடுத்த இரண்டு தாள்களும் போலியல்ல. ஒன்று நான் போட்ட அறிவிப்பு, மற்றது மருத்துவர் கொடுத்த இறப்புச் சான்றிதழ். இரண்டுக்கும் இடையில் பதினோரு மாதம் அவள் உயிரோடு இருந்தாள். அவளை அப்படி வைத்திருந்தது நான்தான்.

ஆனால் என் வாக்குமூலத்தில், அவளைத் தனியாக விட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பதினோரு மாதத்தில் அவள் எழுதியவை இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றையும் அன்றன்றே, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் படித்தேன்.