வலது மூலைக் கட்டம்

டிராயிங்கில் என் பெயரைப் போடுங்கள் என்று கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

உங்களுக்கு டிராயிங் பார்த்துப் பழக்கம் இருக்காது, அதனால் சொல்கிறேன். தாளின் வலது மூலையில், கீழே, மூன்று கட்டங்கள் இருக்கும். வடிவமைத்தவர், வரைந்தவர், ஒப்புதல் தந்தவர். முதல் கட்டத்தில் எங்கள் சீஃப் இன்ஜினியரின் பெயர். மூன்றாவதிலும் அவர் பெயர்தான். நடுக் கட்டத்தில் ‘அலுவலகம்’ என்று மட்டும் இருக்கும். அந்த அலுவலகம் நான்.

இப்படி எதையும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். “வாயத் திறந்து எதையும் கேட்டுறாத. கேட்டா உன்னத் திரும்பிப் பாப்பாங்க. பாத்தா, இவ எப்படி உள்ள வந்தான்னு யோசிப்பாங்க.” எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ஆலைகளில் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றுகிறவர். அவர் துணியைத் தனி வாளியில் துவைப்போம், இல்லாவிட்டால் எல்லோருக்கும் அரிப்பு. அந்தப் பஞ்சு எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. “எம் பொண்ணு சொல்ற கனத்துக்குத்தான் இனிமே நாங்க சுத்தணும்” என்று அப்பா தன்னோடு வேலை செய்பவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும் என்று விட்டேன்.

எங்கள் அலுவலகம் குழாய் வடிவமைத்துக் கொடுத்த ஆலையின் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே காஸ்டிக் சோடா தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் அவசர ஷவர் உண்டு. காஸ்டிக் மேலே பட்டால் தோலும் கண்ணும் வெந்துவிடும், உடனே ஓடிப்போய்க் கைப்பிடியை இழுக்க வேண்டும், தண்ணீர் கொட்டும். பம்ப் அறையிலிருந்து அந்த ஷவர் வரைக்கும் குழாய் நாற்பது மீட்டர் வெட்டவெளியில் போகிறது. இந்த ஊர்க் குளிர்காலத்தில் தண்ணீர் பனிக்கட்டியாகிவிடும், அப்படி உறையாமலிருக்கக் குழாயின் முதுகோடு ஒரு ஹீட்டிங் கேபிளை ஒட்டவைத்து, மேலே பஞ்சு சுற்றி, தகரம் போர்த்துவோம். கேட்க எளிதாக இருக்கும். ஒவ்வொரு வால்விலும் குழாய் தாங்கியிலும் சூடு எவ்வளவு கசியும், அதற்கு எத்தனை அடி கேபிள் கூடுதலாகச் சுற்ற வேண்டும், காற்று அடித்தால் என்ன ஆகும், எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அறுபத்திரண்டு பக்கம். அத்தனையும் நான் போட்டது. சீஃப் அட்டையை மட்டும் பார்த்தார்.

அந்த வேலை முடிந்த வாரம்தான் கேட்டேன். கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும். தனியாகக் கேட்டிருக்கலாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். தனியாக இரண்டு முறை கேட்டாயிற்று.

“பேரா?” என்றார் சீஃப். “பேரெல்லாம் கல்யாணப் பத்திரிகையில போடுவாங்கம்மா, நல்லாப் பெரிய எழுத்துல. இது குழாய்.”

மேசையைச் சுற்றி ஆறு பேர் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் அவருக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

“நீ கை. நான் மூளை. கைக்கு யாராச்சும் பேர் வைப்பாங்களா?”

“சரி சார்” என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் தோன்றியது. கைதான் என்றால் கையாக இருந்துவிடலாம். கை யோசிக்காது.

மூன்று வாரம் கழித்து ஆலைக்காரர்கள் ஒரு சின்ன மாற்றம் கேட்டார்கள். குழாயின் கடைசியில், வெளியே, நான் ஒரு சென்சார் வைத்திருந்தேன். குழாயின் குளிரைப் பார்த்து, ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் கேபிளுக்கு மின்சாரம் விடச் சொல்வது அதுதான். அதற்கான ஒயர் சுவரோரம் ஓடுவது பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். சீஃப் சிவப்புப் பேனாவை எடுத்தார். சென்சாரைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து ஓர் அம்பு. அம்பு பம்ப் அறைக்குள் போய் நின்றது. “இங்க தள்ளி வை. ஒயரும் மிச்சம்” என்றார்.

இந்த அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் ஓடுகிறது. நீங்கள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருக்கிறீர்கள். வெளியே குளிருகிறதா என்று இப்போது உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள். பம்ப் அறையிலும் ஹீட்டர் உண்டு, அங்கே எப்போதும் இருபது டிகிரி. உள்ளே உட்கார்ந்திருக்கும் சென்சார், குளிரே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வெளியே நாற்பது மீட்டர் குழாயும் கல்லாகிக் கிடக்கும்.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அம்பு காட்டிய இடத்தில் சென்சாரை வரைந்தேன். கோடுகள் சுத்தமாக வந்தன. சிவப்பு மை போட்ட தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதை ஏன் எடுத்து வைத்தாய் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

குழாய் உறையும், ஆலையிலிருந்து போன் வரும், யார் வடிவமைத்தது என்று மூலைக் கட்டத்தைப் பார்ப்பார்கள். நான் காத்திருந்தது இதற்குத்தான். அந்த ஷவரைத் தேடி யாராவது ஓடி வருவார்கள் என்று யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதாதீர்கள். அந்த ஷவர் எதற்கு என்று கணக்கின் முதல் பக்கத்தில் என் கையால் எழுதியிருக்கிறேன்.

குளிர் தொடங்குவதற்கு முன் ஆலையின் எலக்ட்ரீஷியன் போன் செய்தார். கேபிள் போட்டவர் அவர்தான். ஐம்பது வயது இருக்கும், நான் அண்ணா என்பேன்.

“இன்ஜினியரம்மா, ஒரு சந்தேகம். தப்பா நெனைக்காதீங்க. சென்சார ரூமுக்கு உள்ள காட்டிருக்கீங்க. அது வெளிய இருக்க வேணாமா? நான் ஒயர் இழுக்கிறவன், எனக்கு என்ன தெரியும். மனசுக்கு உறுத்துச்சு, கேட்டுட்டேன்.”

“டிராயிங்ல எப்படி இருக்குண்ணா?”

“உள்ளதான் இருக்கு.”

“அப்ப அப்படியே பண்ணிடுங்க.”

“நீங்க சொன்னாச் சரிதான். டிசைன் பண்ணது நீங்கதானே.”

ஒரு வருடத்தில் இதைச் சொன்ன ஒரே ஆள் அவர். பதில் சொல்ல நேரம் இருந்தது. அந்த நேரம் முழுக்க அவர் சொன்னதைக் கேட்ட சந்தோஷத்திலேயே போய்விட்டது. போனை வைத்துவிட்டேன். சோதனை ஓட்டத்தில் சென்சாரை விட்டுவிட்டுச் சுவிட்சை நேராகப் போட்டுக் கேபிள் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். சுட்டது. சான்றிதழில் சீஃப் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் நடந்தது உங்கள் விசாரணைக் கோப்பிலேயே இருக்கிறது. மைனஸ் பதினாறு. காலை ஷிஃப்ட். காஸ்டிக் பம்புக்கு மேலே ஒரு விளக்கை மாற்றிக்கொண்டிருந்தார் எலக்ட்ரீஷியன் அண்ணன். குழாய் இணைப்பு ஒன்று பீய்ச்சியடித்தது. முகத்தில். அவருக்கு ஷவர் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும், அவரே ஒயர் இழுத்த இடம். பதினோரு எட்டு ஓடினார். கைப்பிடியை இழுத்தார். கைப்பிடி வந்தது, தண்ணீர் வரவில்லை. யாரோ வாளியில் கொண்டுவந்து ஊற்ற நான்கு நிமிடம் ஆயிற்று.

மருத்துவமனைக்குப் போனேன். அவர் மனைவி எழுந்து நாற்காலியைக் கொடுத்தார், நான் உட்காரவில்லை. “அண்ணா” என்றதுமே குரலைக் கண்டுபிடித்துவிட்டார். கண்களைச் சுற்றிய கட்டுக்குக் கீழே வாய் மட்டும் சிரித்தது.

“வாங்க வாங்க. இனிமே கரண்டு இருக்கா இல்லையான்னு தொட்டுத்தான் பாக்கணும் போல.”

“பேச்சப் பாரு” என்று மனைவி திரும்பிக்கொண்டார். அவர் வெளியே போகட்டும் என்று காத்திருந்துவிட்டு அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

“விசாரணைக்கு வந்தாங்க. ஆபீஸ்ல கேட்டேன், டிராயிங்படி பண்ணச் சொன்னாங்கன்னு சொன்னேன். யாருன்னு ஞாபகமில்லன்னுட்டேன். நீங்க சின்னப் பொண்ணு. இதோட விடுங்க, தங்கச்சி.”

அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தங்கச்சி என்றார். அதுவரை இன்ஜினியரம்மா.

அழுதிருக்க வேண்டும், தெரியும். நன்றியாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கோபம் இறங்கவில்லை. கடைசியில் அவரும் என் பெயரை எடுத்துவிட்டார்.

இப்போது சீஃப் உங்களிடம் வரைந்த பெண்ணின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சிவப்பு மைத் தாள் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வா, உனக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். இந்தாருங்கள் தாள். அம்பு அவருடையது, கையெழுத்தும் இருக்கிறது. இது அவருக்குப் போதும்.

ஆனால் கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். என் வேலையில் கவனக்குறைவு கிடையாது. இந்தப் பெண்ணுக்குத் தெரியாது, சொன்னதை வரைந்தாள் என்றும் எழுதாதீர்கள். தெரியும். அவர் தவறாக வைத்தார் என்று தெரிந்து, அதை அங்கேயே இருக்கவிட்டு, கேட்ட மனிதரிடம் சரி என்று சொன்னது நான். அடியில் இருக்கும் இன்னொரு தாளில் இதையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதற்குப் பிறகுதான் இங்கே வந்து உட்கார்ந்தேன். கடைசி டிராயிங்கையும் கூட வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு என்னுடையதை எழுதியாயிற்று.

“உக்காரும்மா, கொஞ்சம் யோசி” என்று நீங்கள் சொல்ல வேண்டாம். யோசித்த பிறகுதான் பஸ் ஏறினேன். சீஃப்பும் விசாரணைக்கு வந்து வராந்தாவில் இருப்பார், அவரை நான் பார்க்கப் போவதில்லை. ஆள் அனுப்புவதென்றால் முகவரி தாளில் இருக்கிறது. கதவைத் திறப்பது அம்மாவாக இருக்கும். அவளிடம் எதையும் கேட்காதீர்கள்.

கிளம்புகிறேன். ஒன்றே ஒன்று. எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு இதை யாராவது படித்துத்தான் காட்ட வேண்டும். அப்போது என் பெயரை விட்டுவிடாமல் முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள், அப்பாவின் முன்னெழுத்தோடு. கேட்டால் சந்தோஷப்படுவார்.