பெடியளை ஒண்டாய் விடாதையும்

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள், வேலை முடிந்து வருகிறவர்கள். இளையவர் போனில் நஷனல் பார்க் ஒன்றின் வரைபடத்தைக் காட்டினார்.

"கைட் தேவையில்லை அக்கா. பனியில ஓடுற ஸ்னோமொபில் ரெண்டு எடுத்தால் காணும். ஒண்டில நானும் அவரும், மற்றதில பெடியள் ரெண்டு பேரும்."

"பெடியளை ஒண்டாய் விடாதையும்."

"ஏன், பெரியவன் நல்லா ஓடுவான்."

"உறைஞ்ச ஏரிக்கு மேலாலயும் போவீங்களோ?"

"ஓம், கொஞ்சத் தூரம்."

"அப்ப பிரிச்சு ஏத்தும்."

"என்னக்கா உது? நாங்கள் ஹொலிடேக்கெல்லோ போறம்."

"சண்டை நேரம் கிளாலிக் கடல் கடக்கேக்க, அம்மா என்னையும் தம்பியையும் வேற வேற வள்ளத்திலதான் ஏத்தினவ."

இளையவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நீங்கள் எந்த வள்ளத்தில வந்தனீங்கள் அக்கா?"

"கரைக்கு வந்ததில."