எய்லிவின் திரை

2021 மே 11, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இரண்டு தொட்டி சால்மன் குஞ்சுகளைத் திறந்துவிட்டேன். கையுறைகளைக் கழுவிக் காயப்போட்ட பிறகே காப்பி குடித்தேன். அது என் வழக்கம்.

நீங்கள் காவல்துறையினர், மீனைப் பற்றி அறியமாட்டீர்கள். ஆதலால் விளக்குகிறேன். ஒரு தொட்டிக் குஞ்சுகளுக்கு, மீன் தோலை அரித்துக் கொல்லும் கடற்பேன் ஒட்டாதிருக்க மருந்து கொடுப்போம்; மற்றதற்குக் கொடுக்கமாட்டோம். வளர்ந்து ஆற்றுக்குத் திரும்புகையில் மருந்து பெறாதவை குறைந்திருந்தால், அது மீன் பண்ணையிலிருந்து வந்த பேன்களின் வேலை. பண்ணைக்கு அருகே ஆற்று சால்மன் பிழைக்குமா என்ற இந்த ஒரு கேள்விக்காகவே நிதிக்குழு என் ஆய்வு நிலையத்துக்குப் பணம் தந்தது.

எதிர்க்கரைப் பண்ணை எய்லிவுடையது. வீட்டை அடகு வைத்து, வலைக்கூண்டுகளைச் சுற்றிப் பேன் புகாத தடித்த திரை கட்டினார். பேன் அநேகமாக ஒழிந்தது. இரு தொட்டி மீன்களும் சமமாகத் திரும்பத் தொடங்கின. விடை கிடைத்த கேள்விக்கு எவரும் பணம் தருவதில்லை.

பண்ணையில் வாரந்தோறும் பேன் எண்ண வேண்டும் என்பது சட்டம். எண்ணியவற்றைக் குப்பியில் போட்டு எய்லிவே என்னிடம் கொண்டுவருவார்.

“இந்த வாரம் ரெண்டே ரெண்டுதான், பேன் ராணி. இப்படியே போனா நீ பட்டினிதான்.”

“உட்காரு எய்லிவ். வாஃபிள் ஆறிடும்.”

“பழுப்புச் சீஸ் இன்னொரு துண்டு வையேன். உன் கஞ்சத்தனம் ஊருக்கே தெரியும்.”

வைத்தேன்.

அந்த இரண்டும் முட்டைச்சரம் தாங்கிய பெண் பேன்கள். என் வீட்டுப் பின்கட்டுத் தொட்டியில் இரண்டு சால்மன்களின் மேல் அவற்றைப் பெருக்கினேன். குஞ்சுகளைத் திறந்துவிடுவதற்கு முந்தைய நாள், பேன் நிறைந்த அந்தத் தண்ணீரை மருந்து பெறாத தொட்டியில் ஊற்றினேன். குஞ்சுகள் சற்று நேரம் துள்ளின; பிறகு பழகிக்கொண்டன.

திறந்துவிடுபவளும் எண்ணுபவளும் நானே என்பதை எவரும் குறையாக எண்ணவில்லை. எங்கள் ஊரில் பகலில் கதவைப் பூட்டினால் அண்டை வீட்டாருக்கு மனம் சுருங்கும். ஒருவர் எண்ணியதை மறுபடி எண்ணுவதும் அத்தகையதே.

இரண்டு கோடைகள் கழிந்தன. மருந்து பெறாதவற்றுள் ஏறக்குறைய எதுவும் திரும்பவில்லை. என் நிதி நீட்டிக்கப்பட்டது. பண்ணையைப் பாதியாகக் குறைக்குமாறு எய்லிவுக்கு உத்தரவு வந்தது. வங்கி வீட்டைக் கேட்டது. நவம்பரில் அவர் என்னிடம் வந்தார். குப்பி கொண்டுவரவில்லை.

“எங்க தப்பு பண்ணேன்னு நீயே சொல்லு, குன்வோர். நீ சொன்னா சரியா இருக்கும்.”

“திரையில எங்கயாவது தையல் விட்டிருக்கும். போய்ப் பாரு.”

“இந்தக் குளிர்லயா?”

“பேனுக்குக் குளிர் தெரியுமா?”

சிரித்தார். மறுநாள் தனியே படகெடுத்துப் போனார். மூன்றாம் நாள் திரைக்கும் வலைக்கும் இடையில் அவர் உடல் கிடைத்தது. தையல் எங்கும் விட்டிருக்கவில்லை. அதை நான் முன்பே அறிவேன்.

நல்லடக்கத்தின்போது அவர் மகள் சுன்னிவா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அப்பா கடைசி வரைக்கும் உங்க பேச்சைத்தான் நம்பினாரு.”

அவள் சொன்னது உண்மை. எய்லிவ் ஒழுங்கான மனிதர்.

இத்தனை நாள் கழித்து இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். குற்ற உணர்வு காரணமன்று. சென்ற வாரம் நிதிக்குழு கூடியது. எய்லிவுக்குப் பின் பண்ணை மூடப்பட்டுவிட்டது. பண்ணை இல்லாத இடத்தில் இந்த ஆய்வுக்குப் பொருளில்லை. ஆகவே நிலையத்தை மூடுவது என்று முடிவாயிற்று. இதை நான் முன்கூட்டி எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். என் தவறு அது ஒன்றுதான்.

சுன்னிவா பண்ணை உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். தந்தையின் திரையில் குறையில்லை என்று தெரிந்தால் உரிமம் கிடைக்கும். பண்ணை திறந்தால் ஆய்வும் தொடரும். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: குஞ்சுகள் மேல் பேனை ஏற்றியவள் நான், எய்லிவைத் தண்ணீருக்கு அனுப்பியவளும் நான்.

பின்கட்டுத் தொட்டியின் இரண்டு சால்மன்களும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மே மாதம் அடுத்த குஞ்சுகளைத் திறந்துவிட வேண்டும்; அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த வேலையை வேறு எவரும் முறையாகச் செய்யமாட்டார்கள்.