இன்னும் மூட்டமாத்தான் இருக்கு

– மூட்டமாத்தான் இருக்கு சிஸ்டர். நேத்து எப்படியோ அப்படியே.

– கொஞ்சம்கூடக் குறையலையாண்ணே?

– எங்க குறையுது? பால் கலந்த தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி இருக்கு.

– நேத்து போன்ல புகைன்னு சொன்னீங்க.

– புகையும் வெள்ளை, பாலும் வெள்ளை. விடுங்க.

– நான் விட்டாலும் டாக்டர் விட மாட்டார். விளக்கடிச்சுப் பாத்துட்டு என்ன சொன்னார்? இரும்புத்தூள் கிழிச்ச இடம் நல்லா மூடிடுச்சு, கருவிழியில பூ விழல, தழும்புகூட இல்லைன்னு சொன்னாரா இல்லையா?

– அவர் வெளியில இருந்து பாக்கறார். நான் உள்ள இருந்து பாக்கறேன்.

– வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வெளியில எல்லாம் சரியா இருக்கு, இவருக்கு மட்டும் மூட்டமா இருக்காம், அப்ப உள்ள ஏதோ கோளாறுன்னுதானே நாளைக்கு ஊசிக்கு எழுதியிருக்கார்? கண்ணுக்குள்ளேயே ஊசி விட்டு நீர் எடுக்கப் போறாங்கண்ணே. வேற வழியில்லன்னாத்தான் அதைச் செய்வாங்க. பார்வையே போனவங்களும் உண்டு.

– லேத்து பட்டறைக்காரன் உடம்புல குத்தாத இடம் ஏது? அதுவும் குத்திட்டுப் போகட்டும்.

– விளையாட்டா இருக்கு உங்களுக்கு. சரி, அடுத்தது. காலையில மருந்து விட்டீங்களா?

– விட்டேன். ஒத்தைச் சொட்டு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப பழைய மருந்து விடுவீங்களே, ஞாபகம் இருக்கா? மணிக்கொரு தரம்.

– மறக்குமா? பாதிக்கு மேல கன்னத்துல ஓடிடும். நான் துடைச்சு துடைச்சே பஞ்சு தீந்துபோகும்.

– ஓடத்தான் செஞ்சுது. ஆனா மணிக்கொரு தரம் ஆள் வந்துச்சு. ‘மேல பாருங்கண்ணே’ன்னு இமையைப் பிரிச்சு யாரோ ஒருத்தர் குனிஞ்சு பாத்தாங்க.

– இந்தப் புது மருந்துக்கு அது வேண்டாமே. இது நானோ துகள்ணே. மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத பொடிக்குள்ள அடைச்சிருக்கு. கண்ணு மேல ஒட்டிக்கிட்டு நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா விடும்.

– டாக்டரும் சொன்னார். முடியோட தடிமனை அளந்து வேலை பாத்தவன் நான். என் மைக்ரோமீட்டருக்கே சிக்காத பொடியாம். இந்த வீட்ல ஒட்டிக்கிட்டு இருக்கறது அது ஒண்ணுதான் சிஸ்டர்.

– பையன் பேசினாரா?

– ஞாயித்துக்கிழமை பேசுவான். பேசலைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை. அது கிடக்கட்டும். மத்தியானம் என்ன சாப்பிட்டேன்னு இன்னும் கேக்கலையே?

– என்ன சாப்பிட்டீங்க?

– நேத்துப் பொங்கின சோறு. ஆமா, கண்ணுக்கும் சோத்துக்கும் என்ன சம்பந்தம்? தினம் கேக்கறீங்க.

– எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். அடுத்தது...

– இருங்க, இருங்க. அது என்ன சத்தம்? டொக்கு டொக்குன்னு. நேத்தும் கேட்டுச்சு.

– குழாய். மூடினாலும் ஒழுகுது.

– வாஷர் போயிருக்கும். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில அதை மாத்த ஆள் இல்லையா?

– சொல்லி வச்சிருக்கு. யாரும் வரல. நீங்க பேச்சை மாத்தாதீங்க. ஜன்னல்கிட்ட போங்க. நல்ல கண்ணை மூடுங்க.

– ஒரு கையில போனு. கண்ணைப் பொத்த இன்னொரு கை வேணும், ஜன்னலைத் திறக்க மூணாவது கை வேணும்.

– தினம் துண்டு கட்டுவீங்களே, அதைக் கட்டுங்க.

– கட்டறேன். பட்டறைப் பசங்க பாத்தா கண்ணாமூச்சி ஆடறேன்னு சிரிப்பானுங்க... ம், கட்டியாச்சு. இறுக்கி.

– எதிர் மாடியைப் பாருங்க. என்ன தெரியுது?

– வெள்ளையா மூட்டம். கொடி இருக்கற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்.

– கொடியில துணி?

– துணி எடுத்துட்டாங்க. ஒரே ஒரு சாக்ஸ் மட்டும் ஒத்தை கிளிப்புல தொங்குது, பாவம். ஜோடி காத்துல விழுந்துடுச்சு போல.

– துண்டு இன்னும் கட்டியிருக்காண்ணே?

– கட்டித்தான்... அய்யய்யோ.

– எத்தனை நாளா?

– திட்டாதீங்க.

– திட்டல. எத்தனை நாளாத் தெரியுது?

– கொஞ்ச நாளாச்சு. ஒரு நாள் காலையில எழுந்து பாத்தா சுவத்துல இருக்கற விரிசல் எல்லாம் தெரிஞ்சுது. அழகான விரிசல். யாரையாவது கூப்பிட்டுச் சொல்லணும்னு இருந்துச்சு. ஆளில்ல. சாயந்திரம் நீங்க கூப்பிடுவீங்களே, சொல்லலாம்னு இருந்தேன்.

– அப்புறம் ஏன் சொல்லல?

– சேத்துக்கும்போது நீங்கதானே சொன்னீங்க? புது மருந்தைப் போட்டுப் பாக்கற ஆராய்ச்சி இது, கண்ணு தெளிஞ்சுட்டா போன் நின்னுடும்னு. போன் அடிச்சுது. எடுத்தேன். வாயில மூட்டம்னு வந்துடுச்சு. டாக்டர்கிட்டயும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு.

– அதுக்காக நாளைக்கு நல்ல கண்ணைக் கொண்டுபோய் ஊசிக்குக் குடுப்பீங்களா? வேலை செஞ்ச மருந்தை வேலை செய்யலைன்னு எழுத வைப்பீங்களா?

– தப்புதான் சிஸ்டர். படுத்தா தூக்கம் வரல. இனிமே எப்படி மாத்திச் சொல்றதுன்னும் தெரியல.

– நாளைக்கு நானே உங்க பக்கத்துல நிக்கறேன். டாக்டர்கிட்ட தெளிவாத் தெரியுதுன்னு சொல்லுங்க. சொல்வீங்களா?

– சொல்றேன். சத்தியமா. அப்ப... இன்னிக்கோட சரி. இல்லையா? நாளையிலேருந்து கூப்பிட மாட்டீங்க.

– அண்ணே.

– பரவாயில்ல. ஆராய்ச்சின்னா ஒரு நாள் முடியத்தானே வேணும்.

– போன்ல கேக்கற கேள்வியெல்லாம் போன மாசமே எல்லாருக்கும் முடிஞ்சுபோச்சுண்ணே. உங்களைக் கூப்பிடச் சொல்லி யாரும் என்கிட்ட சொல்லல. அந்தக் குழாய் என் வீட்டுக் குழாய்.